பிளைவுட் எப்படிச் செய்கிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது: கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் பிளைவுட், மைக்கா விற்கிற கடை எங்களுடையது. வீடு கட்டுகிறவர்கள், ஆசாரிகள், ஏற்காட்டில் எஸ்டேட் வைத்திருப்பவர்கள் என்று பலரும் கேட்கிற கேள்விகளை ஒரே இடத்தில் போட்டிருக்கிறோம். விலைப்பட்டியல் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும், அது இங்கே கிடையாது. ஷீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே பேச்சு. 19 எம்.எம். ஷீட்டில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற மேல்தோல் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது, நீங்கள் காசு கொடுப்பதோ மீதி பதினெட்டரைக்கு.

பிளைவுட் என்பது மரமா, மரத்தூளை அமுக்கிச் செய்ததா?

மரம்தான். தூளையும் சிலும்பையும் அமுக்கிச் செய்வது பார்ட்டிகிள் போர்டு, அது வேறு சாமான். பிளைவுட்டுக்கு முழுக் கட்டையை மெல்லிய தாளாகச் சீவுகிறார்கள். அந்தத் தாளுக்கு வெனீர் என்று பெயர். வெனீரில் பசை தடவி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, சூடான இரும்புத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தினால் ஷீட்.

நல்ல மரத்தைச் சீவிப் பிறகு ஒட்டுவதற்கு, முழுப் பலகையாகவே அறுத்துவிடலாமே?

அறுக்கலாம், நம் தாத்தா வீட்டு பீரோ எல்லாம் அப்படி வந்ததுதான். ஆனால் மரம் ஈரத்தைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இல்லை. பச்சை மரம் முழுக்கக் காயும்போது நார் ஓடுகிற நீளவாக்கில் சுருங்குவது ஒரு சதவீதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான், குறுக்குவாக்கில் 5 முதல் 10 சதவீதம் வரை போகும். நாலடி அகலத்துக்குப் பலகையை இணைத்து ஒரு கதவு செய்தால் மழைக்காலத்தில் அது நிலையில் சிக்கிக்கொள்வதும், சித்திரை வெயிலில் இடைவெளி விட்டு நிற்பதும் இதனால்தான்.

பிளைவுட்டில் ஒரு தாளின் நார் நெடுக்கே போனால் அடுத்த தாளின் நார் குறுக்கே போகும். குறுக்கே சுருங்கப் பார்க்கிற தாளை, அதன் மேலும் கீழும் ஒட்டியிருக்கிற நெடுக்குத் தாள்கள் பிடித்து நிறுத்திவிடுகின்றன. ஷீட் அசையாமல் இருக்கிறது, ஆணி அடித்தாலும் நார் வழியே பிளந்துகொண்டு போகாது. அப்புறம், எட்டுக்கு நாலு அடியில் ஒரே பலகை வேண்டுமென்றால் எவ்வளவு பெரிய மரம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஏன் 5, 7, 9, 11 என்று எப்போதும் ஒற்றைப்படையாகவே அடுக்குகிறார்கள்?

நடுத்தாளுக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் சமமாக இருக்க வேண்டும், முன்முகமும் பின்முகமும் ஒரே திசையில் ஓட வேண்டும். ஒரு பக்கம் பலம் கூடினால் ஷீட் அந்தப் பக்கம் இழுத்து வளையும்.

எந்த மரத்தில் செய்கிறார்கள்? ஏற்காட்டு சில்வர் ஓக் பிளைவுட்டுக்குப் போகுமா?

போகும். காபிக்கு நிழலுக்காகவும் மிளகுக்கொடி ஏறுவதற்காகவும் சேர்வராயன் மலைத் தோட்டங்களில் நெடுநெடுவென்று நிற்கிறதே, அந்த மரம்தான். ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து வந்த மரம் அது. நேராக வளரும், அடியிலிருந்து வெகு தூரத்துக்குக் கிளை இல்லாமல் போகும், சீவுவதற்கு வாகானது. தோட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: பட்டா நிலத்தில் நிற்கிற மரம்தானே என்று ரம்பத்தோடு இறங்கிவிடாதீர்கள். மலைப்பகுதிகளுக்கென்று 1955-ம் வருஷத்து மரப் பாதுகாப்புச் சட்டம் ஒன்று இருக்கிறது, அனுமதி விஷயத்தை வனத்துறையில் முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் மலைவேம்பு, தைலமரம் இரண்டும் பிளைவுட் மரங்கள். மலைவேம்பை மேட்டுப்பாளையம் வனவியல் கல்லூரி வெகுவாகப் பரப்பியது, நம் பக்கத்து விவசாயிகளும் நட்டிருக்கிறார்கள். கேரளாவில் பெரும்பாவூரைச் சுற்றி பிளைவுட் மில்கள் நெருக்கமாக இருக்கின்றன, அங்கே ரப்பர் மரம் நிறையப் போகும். வடக்கே ஹரியானாவின் யமுனாநகர்தான் பெரிய ஊர், அங்கே பாப்லரும் தைலமரமும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. இந்தியாவில் பிளைவுட் தொழில் வேரூன்றியது அஸ்ஸாமில், தேயிலை அடைக்கிற பெட்டிக்காக. காட்டு மரம் ஏராளமாகக் கிடைத்தது, வெட்டினார்கள். 1996 டிசம்பர் 12-ம் தேதி கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டு மரம் வெட்டுவதற்குக் கடிவாளம் போட்ட பிறகு வடகிழக்கு மில்கள் படுத்துவிட்டன, தொழில் தோட்டத்து மரங்களை நம்பி யமுனாநகர் மாதிரியான ஊர்களுக்கு நகர்ந்தது. இன்று உங்கள் வீட்டு கிச்சன் கப்போர்டுக்குள் இருப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு விவசாயி வரப்பில் நட்ட மரம்.

"அண்ணா, இது கர்ஜன் ஷீட் தானுங்களா?"

இதைத் தினமும் கேட்கிறார்கள். பதில்: பெரும்பாலும் முகம் மட்டும்தான் கர்ஜன் மரம். செம்பழுப்பாகத் தெரிகிற அந்த மேல்தாள் 0.3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும், உள்ளே தைலமரமோ பாப்லரோ எதுவாகவும் இருக்கலாம். கர்ஜன் கட்டை பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. 2014 ஏப்ரல் முதல் அந்த நாடு கட்டையாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும் ஆப்பிரிக்காவின் ஒகூமே போன்ற மரங்கள் முகத்துக்கு வர ஆரம்பித்தன. அதில் செஞ்சாயம் பூசி "கர்ஜன்" என்று விற்கிறவர்களும் உண்டு. ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், சாயமென்றால் துணியில் வரும். ஒகூமே மோசமான மரம் இல்லை, அதன் பெயரிலேயே விற்கலாம் என்பதுதான் எங்கள் வருத்தம். மைக்கா ஒட்டப் போகிறீர்கள் என்றால் முகம் எந்த மரமானாலும் அது மறைந்துவிடப் போகிறது, அதற்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை.

கட்டையிலிருந்து ஷீட் வரைக்கும் மில்லில் என்ன நடக்கிறது?

கட்டையை அளவுக்கு வெட்டி, பட்டை உரித்து, கெட்டி மரமாக இருந்தால் வெந்நீரிலோ நீராவியிலோ ஊற வைப்பார்கள். நார் இளகினால்தான் சீவும்போது தாள் கிழியாது. பிறகு பீலிங் மெஷின். கட்டை சுழல, நீளக் கத்தி அதன் மேல் ஒட்டி நிற்க, சுருட்டி வைத்த பாய் விரிவது போல மரம் தாளாக விரிந்து வரும். ஓரடி விட்டமுள்ள உருண்டைக் கட்டையை 1.6 மில்லிமீட்டர் தாளாகச் சீவி, நடுவில் இரண்டங்குலத் தண்டை மட்டும் விட்டால், கணக்குப்படி கிட்டத்தட்ட 44 மீட்டர் நீளத்துக்குத் தாள் கிடைக்கும். கட்டை கோணலாக இருந்தால் அந்த அளவுக்கு நஷ்டம். பழைய மெஷின்கள் கட்டையின் இரண்டு முனையிலும் குத்திப் பிடிக்கும், அதனால் தடித் தண்டு மிஞ்சும். இப்போது உருளைகளே கட்டையைப் பிடித்துச் சுற்றுகிற மெஷின்கள் வந்துவிட்டதால் ஒல்லிக் கட்டையையும் விட்டுவைப்பதில்லை.

அடுத்தது காய வைப்பது. பார்க்க ஒன்றுமில்லாத வேலை, ஆனால் பாதி ஷீட்டுகள் கெடுவது இங்கேதான். சீவிய தாள் சொதசொதவென்று இருக்கும். அதன் ஈரத்தை 10 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும். பெரிய மில்லில் டிரையர் உண்டு, சின்ன மில்லில் வெயிலில் காயப் போடுவார்கள். அவசரத்தில் ஈரத்தோடு பிரஸ்ஸுக்குள் தள்ளினால், உள்ளே இருக்கிற தண்ணீர் ஆவியாகி, தட்டு திறந்து அழுத்தம் விலகிய நொடியில் தாள்களைப் பிரித்துக்கொண்டு வெளியேறப் பார்க்கும். நடுவில் ஒரு கொப்புளம் நின்றுவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. ஆசாரி வெட்டும்போது ரம்பம் அந்த இடத்தில் வந்ததும்தான் ஷீட் இரண்டாக வாயைப் பிளக்கும்.

காய்ந்த தாள் பசை உருளைகளுக்கு நடுவே போய் இரண்டு பக்கமும் நனைந்து வரும். அதைப் பசை தடவாத தாளோடு மாற்றி மாற்றி அடுக்குவார்கள். இந்த அடுக்குகிற வேலையில்தான் கோர் இடைவெளியும் ஓவர்லாப்பும் உண்டாகின்றன. உள்தாள் முழுசாக இருக்காது, துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள், இரண்டுக்கும் நடுவே சந்து விட்டால் உள்ளே குழி, ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் மேலே மேடு. நல்ல மில்லில் துண்டுகளை நூலாலோ டேப்பாலோ இணைத்து ஒரே தாளாக்கி வைப்பார்கள்.

முதலில் சூடில்லாமல் ஒரு அழுத்து, பிறகு ஹாட் பிரஸ். சதுர சென்டிமீட்டருக்கு 10 முதல் 15 கிலோ அளவில் அழுத்தம். யூரியா பசை என்றால் 110, 120 டிகிரி போதும், பினாலிக் பசைக்கு 135-லிருந்து 150 வரை வேண்டும். கனமான ஷீட்டுக்கு நேரம் கூட, சூடு நடுத்தாள் வரைக்கும் போய்ச் சேர வேண்டுமல்லவா. கடைசியில் நாலு ஓரமும் வெட்டி, தேய்த்து, மருந்தில் முக்கி, மறுபடி ஒருமுறை அழுத்தி அனுப்புவார்கள். விலை குறைந்த ஷீட்டில் இந்தக் கடைசிப் படிகளில் ஏதாவது ஒன்று காணாமல் போயிருக்கும்.

பசையில் என்ன இருக்கிறது?

இரண்டு குடும்பம். யூரியா ஃபார்மால்டிஹைடு ஒன்று, பினால் ஃபார்மால்டிஹைடு இன்னொன்று. நடுவில் மெலமின் கலந்த யூரியா பசையும் உண்டு.

யூரியா என்றால் வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான். அதை ஃபார்மால்டிஹைடோடு சேர்த்துச் சமைத்து, தடவும் நேரத்தில் அம்மோனியம் குளோரைடு மாதிரி ஒன்றைச் சேர்த்தால் சூட்டில் சட்டென்று இறுகும். விலை குறைவு, நிறமில்லாத பசைக்கோடு. குறை என்னவென்றால் ஈரமும் சூடும் சேர்ந்து நாள்பட்டால் இறுகிய பசை மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பி விட்டுக்கொடுக்கும்.

பினாலிக் பசைக்குக் காஸ்டிக் சோடா சேர்ப்பார்கள், நம் மேட்டூரில் தயாராகிற ரசாயனம்தான் அது. ஒருமுறை இறுகினால் கொதிநீரில் போட்டாலும் அசையாது. கருஞ்சிவப்பாக இருக்கும். ஷீட்டின் ஓரத்தில் தாள்களுக்கு நடுவே கறுப்புக் கோடு ஓடுவது அதனால்தான். ஆனால் கறுப்புக் கோட்டை மட்டும் நம்பாதீர்கள், யூரியா பசையில் சாயம் போட்டுக் கறுப்பாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

பசையில் மைதா கலக்கிறார்களாமே, கலப்படம்தானே?

அளவோடு இருந்தால் கலப்படம் இல்லை. யூரியா பசை தண்ணீராக இருந்தால் மரத்துக்குள் இறங்கிவிடும், ஒட்டுவதற்கு மேலே ஒன்றும் நிற்காது. மாவு அதைக் கெட்டியாக்கித் தாங்கிப் பிடிக்கும். மரவள்ளி மாவும் பசைக்கு உகந்ததுதான். நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் வெனீர் ஒட்ட மரவள்ளி ஸ்டார்ச் பசையையே பயன்படுத்தினார்கள். ஆத்தூர், வாழப்பாடிக்காரர்களுக்கு இது ஒன்றும் ஆச்சரியமாக இருக்காது. பிரச்சினை, பசையை மிச்சம் பிடிக்க மாவை அள்ளிக் கொட்டும்போது வருகிறது. பிடிமானம் போய்விடும், பூசணத்துக்கும் பூச்சிக்கும் சாப்பாடு போட்ட மாதிரி ஆகிவிடும்.

எம்.ஆர்., பி.டபிள்யூ.ஆர்., 710 என்கிறார்களே, எதை வாங்குவது?

எம்.ஆர். ஈரக்காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஹால், படுக்கையறைக்குப் போதும். பி.டபிள்யூ.ஆர். கொதிநீரில் எட்டு மணி நேரம் போட்டுக் காய வைத்துப் பார்க்கிற சோதனையைத் தாண்ட வேண்டும், பினாலிக் அல்லது மெலமின் பசை. இவை இரண்டும் ஐ.எஸ். 303 என்ற தரத்தில் வருபவை. மரைன் என்று சொல்கிற பி.டபிள்யூ.பி. ஷீட் ஐ.எஸ். 710. அதை 72 மணி நேரம் கொதிக்க வைத்தும் பிரியக்கூடாது. சமையலறை சிங்க் அடியில், பாத்ரூம் பக்கத்துச் சுவரில், ஏற்காட்டு வீட்டில் 710 வாங்குங்கள். வீடு முழுக்க 710 போட்டுத்தான் ஆக வேண்டும் என்று யாராவது சொன்னால் அவருக்கு மார்ஜின் எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். நாங்களும் விற்கிறவர்கள்தான், இருந்தாலும் சொல்கிறோம்.

"710" என்று சும்மா சீல் குத்திய ஷீட்டுகள் சந்தையில் உண்டு. ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று ஆரம்பிக்கிற உரிம எண் இருக்க வேண்டும். பி.ஐ.எஸ். கேர் என்ற ஆப்பில் அந்த எண்ணைப் போட்டால் எந்த மில், எந்தத் தரம், உரிமம் உயிரோடு இருக்கிறதா என்று காட்டும். கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

நல்ல ஷீட்டைக் கண்ணால் எப்படிக் கண்டுபிடிப்பது?

முகத்தைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். நாலு ஓரத்தையும் உட்கார்ந்து பாருங்கள். தாள்கள் ஒரே கனத்தில், கோடு போட்டது போல நேராக ஓட வேண்டும். நடுவே சந்து இருக்கிறதா, அதில் புட்டி வைத்து அடைத்து மேலே சாயம் பூசியிருக்கிறதா என்று நகத்தால் கீறிப் பாருங்கள், புட்டி என்றால் பொடியாக உதிரும். பிறகு ஷீட்டைச் சாய்த்து வைத்து விரல் முட்டியால் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் டொக்கென்று மாறினால் உள்ளே குழியோ கொப்புளமோ இருக்கிறது. அப்புறம் ஷீட்டை அதன் நீள ஓரத்தில் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி ஓரம் வழியாகப் பாருங்கள், வளைவு தெரிந்துவிடும்.

எடையும் சொல்லும். எட்டுக்கு நாலு 19 எம்.எம். ஷீட் சாதாரணமாக 30-லிருந்து 40 கிலோ வரை வரும். ஒரே ஆள் அலட்சியமாகத் தூக்கிக்கொண்டு போனால் உள்ளே லேசான மரம் என்று அர்த்தம். லேசு என்றாலே மட்டம் இல்லை, ஆனால் கெட்டி மரத்தின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

19 என்று வாங்கினேன், ஆசாரி அளந்து 17 என்கிறார். இது சகஜமா?

சகஜமாகத்தான் நடக்கிறது, சரி என்று சொல்ல முடியாது. 6 எம்.எம்.முக்கு மேற்பட்ட ஷீட்டுக்குத் தரப்படி 5 சதவீதம் கூடக்குறைய இருக்கலாம், அதாவது 19 எம்.எம். ஷீட் 18-க்குக் கீழே இறங்கக்கூடாது. வெர்னியர் வைத்து ஓரத்திலிருந்து கொஞ்சம் உள்தள்ளி, நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். குறைந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பிளாக்போர்டு எதற்கு?

உயரமான அலமாரிக் கதவுக்கு. நடுவில் வெனீருக்குப் பதிலாக ஒல்லியான மரச் சட்டங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கி, மேலும் கீழும் வெனீர் ஒட்டியிருப்பார்கள். லேசாக இருக்கும், ஏழடிக் கதவு வளையாமல் நிற்கும். வாங்கும்போது சட்டங்களுக்கு நடுவே எவ்வளவு சந்து என்று ஓரத்தில் பாருங்கள்.

மைக்கா பிளாஸ்டிக்தானே?

பெரும்பகுதி காகிதம். பினாலிக் பசையில் ஊறிய பழுப்புக் காகிதங்களை அடுக்கி, மேலே டிசைன் அச்சடித்து மெலமின் பசையில் ஊற வைத்த காகிதம் ஒன்றை வைத்து, பிளைவுட்டுக்குக் கொடுப்பதைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் ஸ்டீல் தட்டுகளுக்கு நடுவே அமுக்குகிறார்கள். பளபளப்பா, மேட்டா, மர நார் போலக் கீறலா என்பது அந்த ஸ்டீல் தட்டின் முகத்தைப் பொறுத்தது. மைக்காவைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பழுப்பாக இருப்பது அந்தக் காகிதம்தான்.

ஒரு பக்கம் மைக்கா ஒட்டி, உள்பக்கம் பெயிண்ட் அடித்துவிடலாமா?

கதவுக்கு வேண்டாம். மைக்கா ஒட்டிய பக்கம் ஈரம் நுழையாது, பெயிண்ட் பக்கம் நுழையும். இரண்டு பக்கமும் வேறு வேறு மாதிரி அசைந்தால் கதவு வில்லாக வளையும். உள்பக்கத்துக்கு விலை குறைந்த லைனர் மைக்காவாவது ஒட்டுங்கள். சுவரோடு திருகி நிற்கிற பேனலுக்கு இந்தக் கவலை குறைவு.

எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு வாங்கலாமா?

தண்ணீர் படாத இடத்தில் தாராளமாக. எம்.டி.எஃப். மரத்தை நாராகப் பிரித்து அமுக்கியது, வழவழப்பு, சி.என்.சி. என்கிற கம்ப்யூட்டர் மெஷினில் டிசைன் வெட்ட அதைப் போல வராது. பார்ட்டிகிள் போர்டின் ஓரத்தில் தண்ணீர் ஏறினால் ஊதும், ஊதியது மறுபடி இறங்காது. கீல் திருகு ஒருமுறை பிய்ந்தால் அதே ஓட்டையில் நிற்காது.

ஏற்காட்டில் வீடு. இங்கே வாங்கி மேலே கொண்டு போனால் ஏதாவது பிரச்சினை வருமா?

வரும், கவனிக்காவிட்டால். சேலத்து வெயிலில் குடோனில் காய்ந்து கிடந்த ஷீட், ஐயாயிரம் அடி உயரத்தில் மூடுபனிக்குள் போனதும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்க ஆரம்பிக்கும். இறக்கிய அன்றே வெட்டிப் பொருத்தாமல், வீட்டுக்குள் தரையில் ரீப்பர் போட்டு, ஷீட்டுகளுக்கு நடுவேயும் குச்சி வைத்து, ஒரு வாரம் பத்து நாள் படுக்க வையுங்கள். அந்தக் காற்றுக்குப் பழகட்டும். வெட்டிய ஓரங்களை விட்டுவிடாதீர்கள், ஈரம் நுழைவது முகத்தைவிட ஓரம் வழியாகத்தான், எட்ஜ் பேண்டோ பெயிண்டோ அடித்து மூடுங்கள். அலமாரியின் முதுகு வெளிச்சுவரில் ஒட்டக்கூடாது, ஒரு அங்குலமாவது காற்று போக விடுங்கள். இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் முதுகு முழுக்கப் பூசணம் பூத்துவிடும், 710 ஆனாலும் சரி. 710 என்பது பசை பிரியாது என்ற உத்தரவாதம், பூசணம் வராது என்ற உத்தரவாதம் இல்லை.

அலமாரிக்கு அடியில் மாவு மாதிரி பொடி கொட்டுகிறது. கரையானா?

கரையான் என்றால் மண் கோடு போட்டுக்கொண்டு வரும். பொடி கொட்டி, குண்டூசித் தலை அளவு ஓட்டை தெரிந்தால் அது உளு, ஒரு வண்டின் புழு செய்கிற வேலை. மரத்திலிருக்கிற ஸ்டார்ச்சுக்காக வருகிறது, ரப்பர் மரம் அதற்குப் பிடித்தமானது. மில்லிலேயே போராக்ஸ், போரிக் ஆசிட் கரைசலில் வெனீரை முக்கியிருந்தாலோ பசையிலேயே மருந்து கலந்திருந்தாலோ வராது. வந்த பிறகு ஓட்டைகளில் சிரிஞ்சால் மருந்து ஏற்றலாம், ஆனால் பக்கத்துப் பலகைக்கும் பரவியிருந்தால் அந்தப் பலகையைக் கழற்றி வெளியே போடுவதுதான் மலிவு.

புது அலமாரியைத் திறந்தால் கண் எரிகிறது. உடம்புக்குக் கெடுதலா?

கண்ணை எரிப்பது ஃபார்மால்டிஹைடு வாயு. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2004-ல் இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது, அதனால் அலட்சியம் வேண்டாம். யூரியா பசையில் அதிகமாக வெளியேறும், பினாலிக்கில் வெகு குறைவு. சூடும் ஈரமும் கூடினால் வெளியேறுவதும் கூடும், அதாவது ஏப்ரல், மே மாதத்தில் பூட்டிக் கிடக்கிற சேலத்து வீடு இதற்கு ஏற்ற இடம். இந்த வாயு குறைவாக வெளியேறும் என்பதற்கான குறி இ1, இ0. அப்படிக் குறித்த ஷீட் வாங்குங்கள், இ0 இன்னும் குறைவு. வேலை முடிந்ததும் கதவு, டிராயர் எல்லாவற்றையும் திறந்து வைத்து, ஜன்னலையும் திறந்து சில வாரம் காற்றாட விடுங்கள். குழந்தைகள் அறையில் வேலையைக் கடைசியில் வைக்காமல் முதலில் முடித்துவிடுங்கள்.

மரத்தை ஒட்டியே கட்டடத்துக்கு உத்தரம் செய்கிறார்களாமே?

ஆமாம், அது குளூலாம். அதில் குறுக்கு நெடுக்கு கிடையாது, பலகைகளின் நார் எல்லாம் ஒரே திசையில் ஓடும், ஏனென்றால் உத்தரத்துக்குப் பலம் வேண்டியது நீளவாக்கில்தான். ஜெர்மனியின் ஓட்டோ ஹெட்ஸர் 1906-ல் வளைந்த உத்தரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். மெல்லிய பலகைகளை அச்சில் வளைத்து ஒட்டிவிட்டால் பசை இறுகியதும் வளைவு அப்படியே நிற்கும். மரமும் பசையும் எவ்வளவு தாங்கும் என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு இன்னொன்று: இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், பிர்ச் பிளைவுட்டுக்கு நடுவே பால்சா மரம் வைத்து ஒட்டியது. எங்கள் கடையில் குளூலாம் இல்லை, கேட்டு வராதீர்கள்.

மீந்த துண்டுகளை வெந்நீர் அடுப்பில் போடலாமா?

போடாதீர்கள். பசையும் பூச்சி மருந்தும் சேர்ந்து எரிகிற புகை அது, மைக்கா ஒட்டிய துண்டு என்றால் இன்னும் மோசம். சமையல் அடுப்புக்குக் கிட்டவே கொண்டு போகாதீர்கள். ஒரு அடிக்கு மேல் இருக்கிற துண்டுகளை ஆசாரியிடமே கொடுத்தால் டிராயர் அடியிலும் தட்டுக்குத் தாங்கலாகவும் போட்டுவிடுவார், ஒன்றிரண்டு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், கீல் மாற்றும்போது தேவைப்படும்.